நோய்ப்படுக்கையில் நகை

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை எண்ணும்போது நகையை முதலிலும், அழுகையை அதற்கடுத்தும், இளிவரலை மூன்றாவதாகவும் வைத்தார். பிணி அவர் கணக்கில் இளிவரலைச் சேர்ந்தது. இம்மூன்றையும் ஒரே கட்டிலில் கிடத்திக் காட்டிய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுண்டு. 1986 ஆம் ஆண்டு பி.பி.சி. ஆறு பகுதிகளாக ஒளிபரப்பிய 'தி சிங்கிங் டிடெக்டிவ்' என்பதே அது. எழுதியவர் டென்னிஸ் பாட்டர்.

கதைத் தலைவர் பிலிப் மார்லோ, துப்பறியும் கதைகள் எழுதுபவர். மைக்கேல் காம்பன் அவ்வேடத்தை ஏற்றார். சோரியாசிஸ் என்னும் தோல்நோயும் அதனோடு வந்த மூட்டுவாதமும் அவரை மருத்துவமனையின் பொது வார்டில் வீழ்த்தியுள்ளன. உடலெங்கும் செதில், விரல்களோ பேனாவைப் பிடிக்க இயலாதவை. தம் பழைய நாவலை மனத்துள்ளேயே திருத்தி எழுதுவதுதான் அவருக்கு எஞ்சிய தொழில். இந்நோய் பாட்டருக்கே இருந்தது. ஆதலால் இது கேட்டு எழுதிய துன்பமன்று.

முதற்பகுதியில் ஒரு காட்சி. மருத்துவர் குழு கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறது. மார்லோ தம் துயரைச் சொல்லி உடைந்து அழுகிறார். அவர்களோ மருந்துகளின் பெயர்களைத் தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த கணம் அம்மருத்துவர்களும் செவிலியரும், எலும்போடு எலும்பு சேர்வதைக் கூறும் பழம்பாடல் ஒன்றுக்கு வாயசைத்து ஆடத் தொடங்குகிறார்கள். எல்லாம் மார்லோவின் மனத்தில் நிகழ்வதே. தம்மை எலும்பும் தோலுமாக மட்டும் கண்டவர்களை அவர் ஆட்டப்பதுமைகளாக்கி விடுகிறார். நமக்குச் சிரிப்பு வருகிறது. அச்சிரிப்பு தொண்டையிலேயே நின்றும் விடுகிறது.

எனினும் சிரிப்பு அருமருந்து என்று பாட்டர் எங்கும் சொல்லவில்லை. மார்லோவின் கேலி பலரைக் குத்துகிறது. அதன் பின்னே அவர் ஒளிந்துகொள்கிறார். மனநல மருத்துவர் அந்த ஒளிவிடத்தை மெல்ல மெல்லக் கலைத்த பின்னரே அவர் எழுந்து நடக்கிறார். ஆக, நோயாளியின் நகை அவரது நோயைத் தீர்ப்பதன்று. 'நான் இன்னும் ஆளாகவே இருக்கிறேன்' என்று அறிவிப்பது.

பாட்டரின் இறுதி நாட்களும் இதற்குச் சான்று. 1994 இல் கணையப் புற்றுநோய் கண்டபோது, தமக்குப் பிடிக்காத பத்திரிகை அதிபர் ரூபர்ட் மர்டாக்கின் பெயரையே அந்நோய்க்குச் சூட்டினார். வலி தணிக்கும் மார்பைனைப் பருகியவாறே தொலைக்காட்சியில் பேட்டியளித்தார். அவ்வாண்டு சூன் திங்களில் மறைந்தார்.

தில்லியில் வாழும் நம் போன்றோர்க்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஊரிலிருந்து வந்த எங்கள் தந்தையார் இங்கு ஒரு மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு இந்தி தெரியாது. மருத்துவர் எங்களிடம் பேசுவார். தந்தையார் எங்கள் முகங்களையே மாறி மாறிப் பார்த்திருப்பார். நான்காம் நாள் அவர் சொன்னார்: "என் கால்மாட்டில் தொங்குகிற அட்டையைத்தானே பார்த்துப் பேசுகிறார்! குணமானதும் அட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை இங்கேயே தொங்க விடுவாரா என்று கேட்டுச் சொல்லப்பா."

தயங்கித் தயங்கி அதை இந்தியில் சொன்னோம். மருத்துவர் சிரித்துவிட்டார். பின் முக்காலியை இழுத்துப் போட்டு, தந்தையாரின் முகத்துக்கு நேரே அமர்ந்து, எங்கே வலிக்கிறது என்று அவரையே கேட்டார். தந்தையார் அந்நோயிலிருந்து மீளவில்லை. ஆயினும் அன்று முதல் அந்தக் கட்டிலில் அட்டை அன்று, ஓர் ஆள் இருந்தார்.

அயல்மொழி ஊரில் நம் முதியோர்க்கு நாமே மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களது வலியைத் தவறாது சொல்லிவிடுகிறோம். கேலியை மட்டும், இந்த நேரத்தில் இது எதற்கு என்று விழுங்கி விடுகிறோம். அதனையும் சேர்த்தே சொல்வோம்.