‘அது உங்க கிட்னி மட்டும் இல்லீங்க!’

மழைக்காலம் வந்தால் ஆம்பூர் டேனரிகளில் ஒரு கவலை கூடும். ஈரத்தோடு அடுக்கிவைத்த தோலில் பூசணம் பூத்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்தே இருபது வருடம் வேலை செய்தவர் அந்தக் கணவர். பூசணத்துக்கு ஒருநாளும் பயந்ததில்லை.

இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தபோது, மனைவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். நாட்டின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் பக்கத்து வேலூர் சி.எம்.சி-யில்தான் நடந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

நான்காவது மாதம் லேசான காய்ச்சல், வறட்டு இருமல். “மழைச் சளிதான், மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக்கலாம்” என்றார் கணவர்.

“அது உங்க கிட்னி மட்டும் இல்லீங்க, என்னுதும்தான். கெளம்புங்க!” என்றார் மனைவி.

சி.டி ஸ்கேனில் நுரையீரலில் கட்டி போல ஒரு நிழல். காசநோயாக இருக்குமோ என்ற சந்தேகம் முதலில் வந்தது. நுரையீரலுக்குள் குழாய் விட்டு மாதிரி எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது, அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சை.

இதன் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். உடலின் எதிர்ப்பு சக்தி அவற்றை அழித்துவிடுகிறது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் மாத்திரைகளோ அந்தக் காவலையே தளர்த்திவிடுகின்றன. அதனால் காய்ச்சல்கூட அடக்கமாகவே வரும். டேனரியில் தொற்றியதா, வீட்டுச் சுவரிலிருந்தா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சிகிச்சையும் கயிற்றின் மேல் நடப்பதுதான். பூஞ்சையை அழிக்கும் வோரிகோனசோல், சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதன் டோஸைக் குறைத்து, அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதிகம் குறைத்தால், மனைவி தந்த சிறுநீரகத்துக்கே ஆபத்து. மாதக்கணக்கில் அப்படித்தான் போனது.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் மண் கிளறுவது, இடிக்கும் கட்டடத் தூசி, பூசணம் பிடித்த அறை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சலோ இருமலோ எவ்வளவு லேசாக இருந்தாலும், ஆபரேஷன் செய்த மருத்துவரிடமே போக வேண்டும்.

கணவர் இப்போது டேனரிக்குப் போவதில்லை. மனைவி ஷூ கம்பெனிக்குப் போகிறார். காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தாலும், கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாசலைத் தாண்டுகிறார்.