கறுவா மணமும் கணக்கில் வராத பொழுதும்

ஒரு நாட்டின் பொருளாதார வரலாற்றை அறியப் பெரிய நூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. கல்முனைக் கரையில் ஒரு வீட்டுக் குசினிக்குள் சென்று, மேசைமீது எடுத்து வைக்கப்பட்டிருக்கும் சாமான்களைப் பார்த்தாலும் போதும். இரண்டு கோப்பைக் கோதுமை மா, முக்கால் கோப்பைச் சீனி, இரண்டு முட்டை, அரைக் கோப்பை எண்ணெய், அரைக் கோப்பைப் பால், இரண்டு அப்பிள் பழம், ஒன்றரைத் தேக்கரண்டி கறுவாத் தூள், அதேயளவு பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, ஒரு சிட்டிகை உப்பு. இவற்றைக் கலந்து மின்போறணையில் வைத்தால், ஈஸ்ட் இடாமலும் புளிக்க வைக்காமலும், ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு பாண் வெந்துவிடுகிறது. மேல்நாட்டார் இதனை விரைவுப் பாண் என்பர். இனிப்பாக வெந்து வருவதெல்லாம் கேக் என்னும் வழக்கப்படி எம்மவர் இதனை அப்பிள் கேக் என்கின்றனர். பெயர் எதுவாயினும் ஆகுக. அந்த மேசையிலுள்ள பொருள்கள் எங்கிருந்து வந்தன, எவற்றுக்கு விலை உண்டு, எதற்கு விலை இல்லை என்பவற்றையே நாம் இங்கு நோக்க விரும்புகிறோம்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். பாண், போறணை, குசினி ஆகிய மூன்றும் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்ற சொற்கள். 1505 இல் இத்தீவில் கால்வைத்த அவர்களை இங்கே நிலைக்கச் செய்த பொருள்களுள் முதன்மையானது கறுவா. அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தர் அந்தப் பட்டைமீது இரும்புப் பிடி போட்டனர். அனுமதியின்றிக் கறுவா வெட்டியோருக்கும் விற்றோருக்கும் மரண தண்டனை வரை விதித்தனர். சலாகம சாதியினர் கட்டாய ஊழியமாகக் காடுகளில் அலைந்து பட்டை உரித்துக் கொடுத்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில், 1833 இல்தான் அந்த ஏகபோகம் முடிவுக்கு வந்தது. இன்று காலி, மாத்தறை மாவட்டங்களிலிருந்து லொறி ஏறி வரும் கறுவா எம் ஊர்ச் சந்தையில் சுருளாகவும் தூளாகவும் விற்கப்படுகிறது. 2022 பெப்ருவரியில் ஐரோப்பிய ஒன்றியம் ‘இலங்கைக் கறுவா’ என்னும் பெயருக்குப் புவிசார் குறியீட்டுக் காப்பு வழங்கியது. மணத்துக்கு உரிமை எழுதியாயிற்று. பட்டையை உரிக்கும் கைக்கு என்ன எழுதப்பட்டது என்று கேட்பது எம் கடமையன்றோ?

கோதுமை மாவின் கதை இன்னும் அண்மையானது. எம் கரை நெல்லின் கரை. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வயல்கள் எம் ஊர்களின் மேற்கே பரந்து கிடக்கின்றன. கோதுமை இம்மண்ணின் பயிரன்று. ஆயினும், அரிசியின் விலையும் மாவின் விலையும் இந்நாட்டின் அரசுகளை ஆட்டிப் படைத்தன. 1953 இல் பங்கீட்டரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று ஹர்த்தால் மூண்டது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். மறு ஆண்டு அமெரிக்கா தன் மிகை விளைச்சலை அயல்நாடுகளுக்கு அனுப்ப ‘பொதுச் சட்டம் 480’ என்பதை இயற்றியது. மேல்நாட்டுக் கப்பல்களில் வந்திறங்கிய வெண்மா எம் மக்கள் வாயில் ‘அமெரிக்கன் மா’ ஆயிற்று. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை இலங்கை அரசு கையேற்ற காரணத்தால் 1963 இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியபோது, அந்த உதவிக்குள் என்ன பொதிந்திருந்தது என்பது உலகறிய வெளிப்பட்டது. எழுபதுகளில் விடியுமுன்னே பாணுக்காக வரிசையில் நின்றோர் இன்றும் எம்மிடையே இருக்கின்றனர். 1980 இல் திருகோணமலையில் சிங்கப்பூர்க் கம்பனியொன்றின் பேராலை மா அரைக்கத் தொடங்கியது. 1994 இல் பாணின் விலையை மூன்று ரூபா ஐம்பது சதமாகக் குறைப்பதே ஒரு தேர்தலின் முழக்கமாயிற்று. கோதுமை விளையாத நாட்டில், ஒரு இறாத்தல் பாண் வாக்குச் சீட்டுக்கு நிகரான கனமுடையதாயிற்று.

அப்பிளும் அவ்வாறே கடல் கடந்து வருவது. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அது படப்புத்தகத்துப் பழம். 1977 இல் சந்தை திறந்துவிடப்பட்ட பின்னர் அது நடைபாதைக்கு வந்தது.

இனி, இந்தப் பாணை விரைவுப் பாண் ஆக்கிய தூளைப் பற்றிச் சில சொற்கள். ஈஸ்ட் இட்ட மா பொங்குவதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சோடாவும் புளிப்புப் பொருளும் ஈரத்தில் ஒன்றுசேர்ந்தாலோ, காபனீரொட்சைட்டு உடனே குமிழியிட்டெழுந்து மாவை உயர்த்திவிடுகிறது. 1843 இல் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகரான ஆல்பிரட் பேர்ட், ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காக இத்தகைய தூளொன்றை ஆக்கினார் என்பர். ஒரு பெண்ணின் உடல்நலம் கருதி எழுந்த தூள் உலகின் குசினிகளில் பல கோடி மணித்தியாலங்களை மிச்சப்படுத்திற்று. அவ்வாறு மிஞ்சிய நேரம் எவர் கைக்குப் போயிற்று என்பதே எம் வினா.

எம் தெருவில் வாழும் ஒரு ராத்தா இந்த அப்பிள் கேக்கை வாரத்தில் நான்கைந்து முறை செய்கிறார். சொல்லி வைத்தோருக்குக் கொடுப்பார். நாம் ஒரு நாள் பிற்பகல், அவரது அனுமதியோடு, கைக்கடிகாரத்தை மேசைமீது வைத்துவிட்டு அருகே அமர்ந்திருந்தோம். மாவை அரித்துத் தூள்களோடு கலக்கப் பத்து நிமிடம். அப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டப் பதினைந்து. முட்டையும் சீனியும் எண்ணெயும் நுரைக்க அடிக்கப் பத்து. எல்லாவற்றையும் சேர்த்து, தட்டுக்கு எண்ணெய் பூசி ஊற்றப் பத்து. 180 பாகைச் சூட்டில் வேக ஐம்பத்தைந்து. இடையில் அவர் இளைப்பாறவில்லை. தட்டுமுட்டுக் கழுவினார், போறணையின் கண்ணாடியில் குனிந்து பார்த்தார், ஈர்க்குக் குச்சியைக் குத்தி ஒட்டுகிறதா என்று சோதித்தார். ஆற வைத்து வெட்டிப் பொதி செய்ய நாற்பது. ஆக, இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும்.

விற்பனை விலையை எவ்வாறு தீர்மானிக்கிறீர்கள் என்று கேட்டோம். மா, சீனி, முட்டை, அப்பிள், மின்சாரம், பெட்டி என்று விரல் மடித்துச் சொன்னார். அதன் மேல் சிறிது வைப்பதாகச் சொன்னார். உங்கள் நேரத்துக்கு எவ்வளவு என்றோம். சிரித்தார். குவைத்தில் ஒரு வீட்டில் எட்டாண்டு வேலை செய்தவர் அவர். இந்தக் கேக்கையும் அங்கேதான் பழகினார். “அங்க இதச் செஞ்சா வேல. இஞ்ச இதச் செஞ்சா பொழுதுபோக்காம், தம்பி” என்றார்.

பொருளாதார நூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அதே மா, அதே கறுவா, அதே கை. அயலான் வீட்டுக் குசினியில் அந்தக் கை அசைந்தபோது அது கூலி உழைப்பு. ஊதியம் குறைவாயினும் மாத முடிவில் எண்ணிக் கொடுக்கப்பட்டது. தன் வீட்டுக் குசினியில் அசையும்போது அது அன்பு, கைப்பக்குவம், பொழுதுபோக்கு என்று பல பெயர் பெறுகிறது. உழைப்பு என்னும் பெயரை மட்டும் பெறுவதில்லை. நாடுகள் தம் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் முறையும் இதையே செய்கிறது. ராத்தா கேக்கை விற்றால் அதற்குத் தேசியக் கணக்கில் இடமுண்டு. அதையே தம் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுத்தால், அதற்குச் செலவான அவரது உழைப்புக்கு அங்கே இடமில்லை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் நாட்டின் ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,080 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. எட்டு மணித்தியால வேலை நாளாகக் கொண்டால் ஒரு மணித்தியாலத்துக்கு 135 ரூபா. இரண்டு மணித்தியாலம் இருபது நிமிடத்துக்கு 315 ரூபா. வேறெந்தச் சலுகையும் கேளாமல், சட்டம் அப்போது கீழ்வரம்பாக வகுத்ததை மட்டுமே கேட்டாலும், ஒவ்வொரு கேக்கின்மீதும் இந்த 315 ரூபா ஏற வேண்டும். ஏற்றினால் வாங்குவோர் முகம் சுளிப்பர். “வீட்டில் செய்ததுதானே” என்பர். ‘வீட்டில் செய்தது’ என்பது சுவையைப் பேசும்போது பெருமை. விலையைப் பேசும்போது அதுவே தள்ளுபடி.

2022 ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டரின் விலை 4,860 ரூபாவாயிற்று. எரிவாயு இன்றிப் பேக்கரிகள் பல மூடப்பட்டன. அப்போதும் எம் தெருவில் அந்தக் கறுவா மணம் அறவே நின்றுவிடவில்லை. ராத்தா தம் உம்மம்மாவின் முறைக்குத் திரும்பினார். பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதனுள் தட்டை வைத்து மூடி, கீழே விறகும் மேலே தகட்டில் தென்னஞ்சிரட்டைத் தணலும் இட்டார். அப்பிளுக்குப் பதில் வாழைப்பழம். ஒரு மணித்தியால வேக்காடு இரண்டாயிற்று. கண் எரிந்தது. நெருக்கடியின் சுமையை வங்கிகளும் அமைச்சுகளும் எவ்வாறு பங்கிட்டன என்று நாளேடுகள் எழுதின. அதில் ஒரு பங்கு, புகையாகப் பெண்களின் கண்ணுக்குள் போனதை எவரும் எழுதினாரில்லை.

நேரத்தைத் தவிர விலையிடப்படாத இன்னொன்றும் அந்தக் கேக்கில் உண்டு. அது நம்பிக்கை. மாவைச் சேர்த்தபின் அதிகம் கிண்டலாகாது என்பது இதன் செய்முறை விதி. கிண்டினால் மாவிலுள்ள குளூட்டன் இறுகிப் பாண் தோல்போலாகும். சிறு மாக்கட்டிகள் சில தென்பட்டாலும் விட்டுவிட வேண்டும். ஆனால், ஒரு மாக்கட்டி என்ன செய்யக்கூடும் என்பதை எம் மாவட்டம் கண்டது. 2018 பெப்ருவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறப்பட்ட உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக வதந்தி பரப்பப்பட்டது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்து, அது வெறும் மாக்கட்டியே என்றார். உண்மை ஆய்வுசாலையிலிருந்து வந்து சேருமுன் பொய் தன் வேலையை முடித்துவிட்டது. உணவு விற்று வாழ்பவர் ஒவ்வொருவரும் அயலாரின் நம்பிக்கையை நாள்தோறும் உழைத்தே ஈட்டுகின்றனர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கல்முனையில், ராத்தாவின் கேக் இரு சாரார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் போகிறது. எவரும் அதைச் சந்தேகத்தோடு பிட்டுப் பார்ப்பதில்லை. இது அரசியல் மேடைகளால் ஆக்கப்பட்ட ஒற்றுமையன்று. ஒரு பெண் மாவை அரித்து, கையைக் கழுவி, சொன்ன நேரத்தில் சொன்ன பண்டத்தைக் கொடுத்து ஆக்கியது.

உலகில் ஒரு முறை இந்தக் கணக்கு பகிரங்கமாக எழுதப்பட்டது. 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்து நாட்டுப் பெண்களில் ஏறத்தாழத் தொண்ணூறு வீதத்தினர் அலுவலகத்தையும் ஆலையையும் மட்டுமன்றி அடுப்பையும் விட்டு வெளியேறினர். தந்தையர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குச் சென்றனர். எளிதில் சமைக்கத்தக்க சொசேஜ் கடைகளில் தீர்ந்துபோயிற்று. மறு ஆண்டே அந்நாட்டுப் பாராளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு நாள் நின்றுபோனபோதுதான் எந்நாளும் நடந்துகொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்தது.

எம் கரையின் பெண்களுக்கு வேறெங்கும் எளிதிற் காணாத ஒரு வலிமையும் உண்டு. இங்கே வீடு பெண்வழியாகப் போகிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே மணம் முடிக்கின்றனர். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். இதன் மறுபுறமாகிய சீதனச் சுமையால் நொறுங்கிய குடும்பங்களையும் நாம் அறிவோம். எனினும், குசினியின் நாற்புறச் சுவரும் உறுதிப்பத்திரத்தில் பெண்ணின் பெயரில் இருக்கின்றன. அச்சுவர்களுக்குள் கழியும் அவளது பொழுதுதான் அவள் பெயரில் இல்லை.

இதனை மாற்ற வழியில்லையா? ஒரு தெருவின் பெண்கள் பத்துப்பேர் சேர்ந்து மாவையும் சீனியையும் மொத்தமாக வாங்கி, ஒரு பெரிய போறணையைப் பொதுவில் வைத்து, விலையைக் கூடிப் பேசித் தீர்மானித்தால், அந்த 315 ரூபாவைத் தனியொருத்தி தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. கூட்டுறவு இந்நாட்டுக்குப் புதிதன்று. பங்கீட்டுக் கடையாக மட்டும் அதனை நினைவில் வைத்திருப்பதே எம் குறை. வீட்டுக்குள்ளோ, அப்பிள் தோல் சீவவும் தட்டுக் கழுவவும் ஆண்பிள்ளைகளுக்குப் பழக்குவதற்குச் சட்டமும் தேவையில்லை, சங்கமும் தேவையில்லை.

ஆசிரியர்களாக உள்ள அன்பர்கள் இன்னுமொன்று செய்யலாம். கொள்விலை, விற்பனை விலை, இலாபம் என்று கரும்பலகையில் கணக்கு எழுதுகிறோம். ஒருத்தி இத்தனை ரூபாவுக்கு மாவும் சீனியும் வாங்கிக் கேக் செய்து இத்தனை ரூபாவுக்கு விற்றாள், இலாபம் யாது என்று கேட்கிறோம். பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சரியான விடையென்று எழுதுகின்றனர். அடுத்த முறை அந்தக் கணக்கில் ஒரு வரியைச் சேர்த்துக் கொடுங்கள்: ‘அவள் இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும் வேலை செய்தாள்.’ வகுப்பில் எந்தப் பிள்ளை முதலில் பேனாவை நிறுத்தி, அதற்கு எவ்வளவு ஐயா என்று கேட்கிறதோ, அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளியும் கொடுங்கள்.