இடக்கைக்கு ஒரு கித்தார்

ஒரு பிள்ளைக்கு இசைக்கருவி வாங்குவது எளிய செயல் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். கடைக்குச் செல்வது, பணத்தைச் செலுத்துவது, கருவியைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவது. இவ்வளவுதானே என்று நினைத்தோம். ஆனால், நான்கே தந்திகள் கொண்ட ஒரு சிறு கித்தார், எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாக இருந்துவந்த ஒரு வழக்கத்தையே எண்ணிப் பார்க்க வைத்துவிட்டது. அந்த அனுபவத்தை இவ்வாண்டு மலரின் வாயிலாக மாணவச் செல்வங்களுடனும் பெற்றோர்களுடனும் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

எங்கள் மகள் இப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயின்று முடித்தவள். இயல்பிலேயே இடக்கைப் பழக்கம் உடையவள். பள்ளியின் இசைக் கழகத்தில் உக்குலேலே பயிலத் தொடங்கியபோது, மற்றப் பிள்ளைகளைப் போலவே வலக்கையால் மீட்ட முயன்று, தாளத்தில் பின்தங்கினாள். அதனைக் கண்ணுற்ற ஆசிரியை, ஒரு கருவியின் தந்திகளை வரிசை மாற்றிக் கட்டி அவள் கையில் தந்தார். சில வாரங்களில் அவளும் மற்றவர்களோடு இணைந்து வாசிக்கலானாள். ஆண்டின் இறுதியில் அக்கருவியைப் பள்ளியிடம் திருப்பித் தரவேண்டிய நாள் வந்தது. அன்று இரவு அவள் உணவைத் தொடவில்லை. "இடைநிலைப் பள்ளிக்குச் செல்லுமுன் உனக்கென ஒரு கருவி வாங்கித் தருவோம்" என்று வாக்களித்தோம்.

எந்தக் கருவியை வாங்குவது? ஆசிரியையிடமே ஆலோசனை கேட்டோம். "டெனர் கித்தாரைப் பாருங்கள்" என்றார் அவர். அதுவரை அப்பெயரை நாங்கள் கேள்வியுற்றதில்லை. 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பரவிய கருவி அது. நான்கு தந்தி பாஞ்சோ வாசித்தவர்கள், புதிதாக விரல் பழக்கம் எதுவும் கற்காமலேயே கித்தார் வாசிப்பதற்கு அது வழிசெய்தது. சாதாரணக் கித்தாருக்கு ஆறு தந்திகள், இதற்கு நான்கு. தந்தியின் அதிரும் நீளம் சாதாரணக் கித்தாரில் ஏறத்தாழ 25 அங்குலம். இதில் 21 முதல் 23 அங்குலம் வரை. கழுத்தும் ஒடுக்கமானது. ஆகவே சிறு விரல்களுக்கு ஏற்றது.

மாண்டலினைப் போலத் தந்திக்குத் தந்தி ச-ப இடைவெளியில் சுருதி கூட்டுவதே இதன் பழைய முறை. எனினும், சாதாரணக் கித்தாரின் மெல்லிய நான்கு தந்திகளைப் போலவும் சுருதி கூட்டலாம். அவ்வாறு கூட்டினால், உக்குலேலேயில் கற்ற விரல் அமைப்புகள் அனைத்தும் அப்படியே பயன்படும். சுருதி மட்டுமே தாழ்ந்து ஒலிக்கும். எங்கள் மகளுக்கு இதுவே பொருத்தமானது என்று முடிவு செய்தோம்.

ஆனால், வீட்டில் ஒரு தடை எழுந்தது. எங்கள் அன்னையார், "பெரிய கருவி வாங்கும்போதாவது வலக்கையில் பழக்குங்கள். ஊரில் எல்லாரும் வைத்திருப்பது வலக்கைக் கருவிதானே? நாளைக்கு ஒரு சபையில் பிறர் கருவியை வாங்கி இவளால் வாசிக்க முடியுமா?" என்று கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. அவரும் பிறப்பால் இடக்கைக்காரர்தாம் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அவர் பட்ட பாட்டை மட்டும் அன்றுதான் முழுமையாகச் சொன்னார்.

இன்று செம்பனை நிற்கும் இதே நிலத்தில் அன்று பால்மரங்கள் நின்றன. பதினான்கு வயதில் அவர் பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்தார். இடக்கையால் பிடித்த கத்தியைக் கங்காணி பிடுங்கி வலக்கையில் திணித்தாராம். அதற்குக் காரணமும் இருந்தது. ரப்பர் மரப் பட்டையில் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக நிற்பதில்லை. கீழிருந்து மேலேறும்போது சற்றே வலப்புறம் சாய்ந்து செல்கின்றன. ஆதலால், இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் கோடு வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபட்டுப் பால் நிறைய வடியும். கை எதுவாயினும் கோட்டின் சாய்வை மாற்ற இயலாது. பழகும் காலத்தில் எத்தனையோ மரங்களைக் காயப்படுத்தி, எத்தனையோ முறை ஏச்சு வாங்கி, இறுதியில் வலக்கையை வசப்படுத்தினார் அவர். "நான் மாறவில்லையா? இவளும் மாறட்டும்" என்பது அவருடைய வாதம்.

மறுமொழி கூற எங்களுக்கு வாய் வரவில்லை. அவரையும் அழைத்துக்கொண்டே ஈப்போவிலுள்ள ஓர் இசைக்கருவிக் கடைக்குச் சென்றோம். எங்களிடம் இருந்தது ஒன்றரை ஆண்டுகளாகச் சேர்த்த 700 ரிங்கிட்.

கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். அவர் கித்தார் எதையும் உடனே எடுத்துக் காட்டவில்லை. ஒரு குடையை எங்கள் மகளிடம் நீட்டி, "இதைக் கித்தார் என்று நினைத்துக்கொண்டு வாசித்துக் காட்டு" என்றார். அவள் சற்றும் தயங்காமல் குடையின் பிடியை வலப்புறமாகப் பிடித்து, இடக்கையால் மீட்டினாள். பெரியவர் தலையசைத்தார். பின்னர் மூன்று வழிகளை எங்கள் முன் வைத்தார்.

முதலாவது, வலக்கைக் கருவியை வாங்கி வலக்கையிலேயே கற்பது. தொடக்க நிலையில் இருப்பவர்களுள் சிலருக்கு இது இயலும். கருவிகளும் எளிதாகக் கிடைக்கும். இரண்டாவது, இடக்கைக்கென்றே செய்யப்பட்ட கருவியை வரவழைப்பது. அத்தகைய டெனர் கித்தார் அவர் கடையில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு எங்கள் தொகையைவிட மிகுதியாயிருந்தது. மூன்றாவது, தக்கதொரு வலக்கைக் கருவியைத் தேர்ந்தெடுத்து, இடக்கைக்கு ஏற்ப மாற்றுவது.

"தந்திகளை மாற்றிக் கட்டினால் போதாதா?" என்று வினவினோம். போதாது என்று விளக்கினார். கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையில், ஒவ்வொரு தந்தியின் பருமனுக்கும் ஏற்பப் பள்ளங்கள் உள்ளன. வரிசையை மாற்றினால், பருத்த தந்தி குறுகிய பள்ளத்தில் அமராது. மெல்லிய தந்தி அகன்ற பள்ளத்தில் அதிரும். எனவே அக்கட்டையைப் புதிதாகச் செய்ய வேண்டும். கீழே தந்திகள் படியும் வெண்பட்டை சாய்வாக இருந்தால், அதையும் மாற்றியாக வேண்டும். இல்லையேல் மேல் மெட்டுகளில் சுருதி பிசகும்.

பிறகு ஒரு கருவியை எடுத்தார். உடலின் இருபுறமும் ஒரே அளவாக வளைந்திருந்தன. வெண்பட்டை நேராக இருந்தது. சிறு கண்ணாடியை ஒலித்துளையினுள் நுழைத்து, விளக்கொளியில் உட்புறத்தைக் காட்டினார். தாங்கு சட்டங்கள் ஏணிப்படிகளைப் போல நேர்க்குறுக்காக அமைந்திருந்தன. "இதற்கு வலமும் இல்லை, இடமும் இல்லை. மேல்கட்டையை மட்டும் மாற்றித் தருகிறேன்; கழுத்தின் ஓரத்திலுள்ள அடையாளப் புள்ளிகளை மறுபுறத்தில் இட்டுத் தருகிறேன்" என்றார்.

இவை அனைத்தையும் எங்கள் அன்னையார் அருகில் நின்று கூர்ந்து நோக்கிக்கொண்டிருந்தார். அக்கண்ணாடியைத் தாமே வாங்கி உள்ளே பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மெல்லச் சொன்னார்: "தம்பி, மரத்தில் பால் ஓடுகிற வழியை யாராலும் திருப்ப முடியாது. அதனால்தான் நான் மாறினேன். இந்தப் பெட்டிக்குள் அப்படி ஒன்றும் ஓடவில்லையே. அவள் விருப்பப்படியே வாங்கிக் கொடு."

நாங்கள் அறியாத உண்மையை எழுத்தறிவில்லாத எங்கள் அன்னையார் ஒரு நொடியில் விளக்கிவிட்டார். மாற்ற இயலாதது எது, வெறும் வழக்கத்தால் நிலைபெற்றது எது என்று பிரித்தறிவதன்றோ அறிவு!

பின்னர் இதுபற்றித் தேடிப் படித்தபோது, எங்கள் மகளுக்கு முன்னோடிகள் பலர் இருப்பதை அறிந்தோம். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908-1962) இடக்கைக்காரர். வலந்தலை என்று பெயர் பெற்ற பக்கத்தையே இடக்கையால் வாசித்தவர். அவர் பொருட்டு மேடையில் அமரும் வரிசையே மாறவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் எலிசபெத் காட்டன் அம்மையார் வீட்டு வேலை செய்து கித்தார் வாங்கினார். வலக்கைக் கித்தாரைத் தந்தி மாற்றாமலே தலைகீழாகப் பிடித்துத் தமக்கென ஒரு வாசிப்பு முறையை உருவாக்கினார். முதிய வயதில், 1985ஆம் ஆண்டில், அவருக்குக் கிராமி விருது கிட்டியது.

இரண்டு வாரங்களுக்குப் பின் கித்தார் வீட்டுக்கு வந்தது. மாற்றும் கூலி உட்பட, எங்களிடம் 40 ரிங்கிட் எஞ்சியது. அதில் உதிரித் தந்திகள் வாங்கினோம். பிறர் கித்தாரை இரவல் வாங்கி அவளால் வாசிக்க இயலாது என்பது உண்மையே. அந்த இழப்பை அறிந்தே தேர்ந்தெடுத்தோம்.

அன்று மாலை, மகள் வாசித்து முடித்ததும், எங்கள் அன்னையார் கருவியைத் தம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். வலக்கைதான் முதலில் தந்தியை நோக்கிச் சென்றது. பிறகு, ஏதோ நினைவு வந்தவராய், கருவியைத் திருப்பி வைத்து, இடக்கையின் பெருவிரலால் ஒருமுறை மீட்டினார். அந்த ஒலி அடங்கும்வரை வீட்டில் எவரும் பேசவில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே! நம் பிள்ளையின் கையில் ஒரு கருவியைத் தருமுன், அக்கையை ஒருகணம் உற்று நோக்குவோமாக. மாணவச் செல்வங்களே! உங்கள் அருகில் இடக்கையால் எழுதும் தோழர் இருப்பின், அவர் முழங்கைக்குச் சிறிது இடம் விட்டு அமருங்கள்.