ஆலையூரில் ஒண்டியிருந்தவர்கள்

பம்பாயின் முதல் பருத்தி ஆலை 1850களின் நடுவில் தார்தேவ் பகுதியில் எழும்பியபோது, அங்கு வேலைக்கு வருவோர் எங்கே படுத்துறங்குவார்கள் என்பது முதலாளிகளின் கவலையாக இருக்கவில்லை. பரேல், லால்பாக், வோர்லி என ஆலைகள் பெருகி அந்த வட்டாரமே கிரண்காவ், அதாவது ஆலையூர் என்று பெயர் பெற்ற பிறகும் இந்நிலை பெரிதாக மாறவில்லை. கொங்கணத்து ரத்னகிரியிலிருந்தும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள சாத்தாராவிலிருந்தும் வந்த ஆண்கள், பெண்டு பிள்ளைகளையும் துண்டு நிலத்தையும் ஊரில் விட்டுவிட்டு, முன்பே வந்து அறை பிடித்திருந்த உறவினர் வீட்டிலோ ஊர்க்காரர் வீட்டிலோ ஒண்டிக்கொண்டார்கள். பம்பாயின் தொழில் வரலாற்றில் மூலதனத்துக்கும் வேலைநிறுத்தங்களுக்கும் கிடைத்த இடம், இப்படி ஒண்டியவர்களுக்குச் சோறு போட்ட பெண்களுக்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

அவர்கள் ஒண்டிய வீடு பெரும்பாலும் ஒரு சாலில் இருந்தது. நீண்ட பொது நடையை ஒட்டி ஒற்றை அறைகள் வரிசையாக அமைந்து, கழிப்பிடம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் மாடிக் கட்டடத்துக்குச் சால் என்று பெயர். 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகர மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒற்றை அறை வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். 1920களில் அரசின் பம்பாய் வளர்ச்சித் துறையே கட்டிய பி.டி.டி. சால்களில்கூட ஓர் அறையின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர அடிதான். அதற்குள் அடுப்பும், குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் மோரி எனப்படும் சிறு தொட்டிமூலையும், குடும்பமும் போக, ஒண்டியவர்களுக்கு மிஞ்சியது ஒரு தகரப்பெட்டி வைக்கும் இடமும், துணி போடக் கொடிக்கயிற்றில் ஒரு பங்கும், பகலில் சுருட்டி வைக்கும் படுக்கையும்தான். பாளி எனப்பட்ட வேலைமுறையில், இரவுப்பாளிக்காரர் விடியலில் திரும்பி வந்து, பகல்பாளிக்காரர் எழுந்துபோன இடத்தில் படுத்தார். மழையில்லாத மாதங்களில் பலர் நடையிலும் நடைபாதையிலும் உறங்கினார்கள்.

படுக்க இடம் கொடுத்ததைவிடச் சோறு போட்டதே பெரிய ஏற்பாடாக இருந்தது. மாதக் கட்டணத்துக்கு வெளியாட்களுக்குச் சமைத்துப் போடும் வீட்டுச் சாப்பாட்டு முறை கானாவள் எனப்பட்டது. அதை நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளரின் மனைவியர், சில வேளை விதவைகள். சாப்பிட வருவோரின் பாளிக்கு ஏற்ப உலை வைத்து, பாக்கரி ரொட்டி தட்டி, பந்தி பந்தியாகப் பரிமாறிய இவர்கள் அரிசியும் பருப்பும் வாங்கியது கடனில்தான், ஏனெனில் சாப்பிட்டவர் கூலி வாங்கிய பிறகே பணம் கொடுப்பார். இடைப்பட்ட வாரங்களை மளிகைக் கடைக் கணக்கும், அது நெருக்கும்போது வட்டிக்காரரும் அடகு வைத்த நகையும் தாங்கின. ஆலை கூலியைத் தாமதித்துக் கொடுத்ததால் நேர்ந்த சுமையை இந்தப் பெண்களின் கடன் சுமந்தது என்றே சொல்ல வேண்டும். அதை எந்த ஆலையின் வரவு செலவுக் கணக்கிலும் காண முடியாது. 1930களுக்குப் பின் ஆலைகளில் பெண்களுக்கான வேலை சுருங்கச் சுருங்க, கானாவளை விட்டால் வேறு வழியில்லாத குடும்பங்கள் கூடின.

ஆலைகள் பெருகிய காலத்தில் ஐரோப்பாவில், பிறர் வீட்டில் ஒண்டும் பழக்கம் வேறுவிதமாகப் பார்க்கப்பட்டது. வியன்னாவிலும் பெர்லினிலும் தொழிலாளர் வீட்டில் படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுத்து, சில மணி நேரம் உறங்கிப்போனவர்களால் குடும்ப ஒழுக்கம் கெடுமென்று சீர்திருத்தவாதிகள் அஞ்சினார்கள். பம்பாயிலோ ஒண்டியவர் பெரும்பாலும் வீட்டுக்காரரின் அதே ஊர், அதே சாதி. தவறாக நடந்தால் அடுத்த தபாலிலேயே செய்தி ஊருக்குப் போய்விடும். அந்தக் கட்டுக்காவல் வேறு சாதிக்காரருக்கு அந்த வாசலை எளிதில் திறக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் கண்ணுக்கு ஒண்டியிருந்தவர்கள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தார்கள். 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியிருப்பவர் உள்வாடகைக்கு விடுவதைத் தடைசெய்ததால், ஒண்டியவரை உறவினர் என்று சொல்லிக்கொள்வதே இருவருக்கும் பாதுகாப்பாக இருந்தது. 1973இல் வந்த திருத்தம், உரிம அடிப்படையில் குடியிருந்தவர்களுக்கு வாடகைதாரர் நிலையை வழங்கியபோதும், கட்டணம் செலுத்தித் தங்கும் விருந்தினரை அதிலிருந்து விலக்கிவிட்டது.

கடன் வலையிலிருந்து வெளியேற, கானாவள் நடத்திய பெண்களுக்கு ஓர் அமைப்பு 1975இல்தான் கிடைத்தது. தொழிற்சங்க ஊழியரான பிரேமா புராவ் தொடங்கிய அன்னபூர்ணா மகிளா மண்டல் அவர்களுக்கு வங்கிக் கடன் பெற்றுத் தந்தது. ஆனால் 1982 ஜனவரி 18இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்தின் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர் இறங்கிய வேலைநிறுத்தம் முறையாக முடிவுக்கு வராமலே தேய்ந்தது. பல ஆலைகள் திறக்கவில்லை, ஒண்டியிருந்தவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள், கானாவள்கள் ஆளின்றி ஒடுங்கின. பின்னாளில் ஆலை நிலத்தின் ஒரு பகுதியில் தொழிலாளருக்கு வீடு கட்டிக் குலுக்கல் முறையில் வழங்கியபோது, ஆலையின் பெயர்ப்பதிவேட்டில் இடம்பெற்றிருப்பதே தகுதியாக வைக்கப்பட்டது. கானாவள் நடத்திய பெண், தன் கணவர் பெயர் அதில் இருந்தால் அவருடைய வாரிசாக விண்ணப்பிக்கலாம். ஆலைக்காரர்களுக்குச் சமைத்துப்போட்ட தன் உழைப்பைக் காட்டி விண்ணப்பிக்க அவருக்கு வழியில்லை.