பிசிறு

அம்மாவின் இடுப்பு முதுகெலும்பில் ஆறு திருகுகளும் இரண்டு கம்பிகளும் இருக்கின்றன. ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்கப் போன இடத்தில், "உள்ளே இருப்பது என்ன உலோகம்?" என்று கேட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் 'இம்ப்ளான்ட் வைக்கப்பட்டது' என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வெட்கம்தான் என்னை அகமதாபாத் வட்வா தொழிற்பேட்டையில் இந்தத் திருகு செய்கிற பட்டறை ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது.

நான் பீளமேட்டில் லேத் சத்தத்தில் வளர்ந்தவன். அப்பா பம்புசெட் ஷாஃப்ட் கடைந்தவர். பட்டறை என்றால் காலில் குத்தும் இரும்புச் சுருள் என்றே நினைத்திருந்தேன். இங்கே மெஷின் பீரோ மாதிரி மூடிக்கிடக்கிறது. பின்பக்கம் டைட்டானியக் கம்பி உள்ளே போகிறது, முன்பக்கம் திருகு வந்து விழுகிறது. ஸ்விஸ் லேத் என்கிறார்கள். கைக்கடிகாரத் திருகுகளுக்காகப் பிறந்த மெஷின். அப்பா நாலைந்து வெட்டுப் போட்டு எடுக்கும் மரையை இது ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுகிறது. பற்கள் பதித்த வளையம் ஒன்று கம்பியைச் சுற்றிச் சுழன்றபடி முழு ஆழத்தையும் செதுக்குகிறது. அப்பா இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிக் கதவை விட்டு நகர்ந்திருக்க மாட்டார்.

"பிடிவாதக்கார உலோகம், பாய்" என்றார் ஆபரேட்டர். டைட்டானியம் சூட்டை எளிதில் கடத்தாது. சூட்டில் பெரும்பகுதி டூல் முனையிலேயே நிற்கும். மெல்லிய சுருள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அதற்கென்று தனியாக ஒரு பவுடர் சிலிண்டர் சுவரில் தொங்குகிறது.

திருகின் தலை பூவிதழ் விரிந்த மாதிரி இருப்பதால் அதற்கு 'டுலிப்' என்று பெயர். அது எப்பக்கமும் சாயும். எந்த மனிதரின் முதுகெலும்பும் திருகுகளை ஒரே நேர்கோட்டில் வாங்கிக்கொள்வதில்லை. தலை சாய்ந்து கொடுத்தால்தான் 5.5 மில்லிமீட்டர் கம்பி அதில் உட்காரும். மேலே ஒரு குட்டித் திருகு அதைப் பூட்டும். ஹூஸ்டனில் போலியோவால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு டாக்டர் ஹாரிங்டன் கம்பியும் கொக்கியும் மாட்டிய காலத்தில், பாரிஸில் ராய்-காமிய் என்ற மருத்துவர் 1963இல் முள்ளெலும்பின் காம்புக்குள் திருகை இறக்கினார். இன்று உலகமே அவர் வழியில்தான் போகிறது.

நான் அதிக நேரம் நின்றது லேத் பக்கம் அல்ல, மாடியில். ஐந்து பெண்கள் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பிசிறு எடுக்கிறார்கள். மூத்தவரை எல்லோரும் 'பென்' என்கிறார்கள், அக்கா என்கிற மாதிரி. ஒரு திருகை என்னிடம் நீட்டினார். எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. லென்ஸில் பார்த்தால் மரையின் ஓரத்தில் வாழைநார் மாதிரி ஒரு இழை.

"இதற்கா தள்ளுகிறீர்கள்?"

"இது உள்ளே கழன்றால்? கீறல் இருந்தால், அங்கேதான் முதல் விரிசல் விழும்."

நடக்கும் ஒவ்வொரு அடியிலும் கம்பி இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. சோதனைக் கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளை, நடுவில் ஒரு முள்ளெலும்பே இல்லாததுபோல் இடைவெளி விட்டு, திருகாலும் கம்பியாலும் பிணைத்து 50 லட்சம் முறை அழுத்துகிறார்கள். நொடிக்கு 5 முறை வீதம் பதினோரு நாளுக்கு மேல் இரவு பகலாக ஓடுகிறது. அப்படியும் உலோகம் என்றென்றைக்கும் தாங்குவதற்கு இல்லை. ஆபரேஷனில் முள்ளெலும்புகளுக்கு நடுவில் வைத்த எலும்பு ஒட்டும்வரை பிடித்துக்கொள்வதே அதன் வேலை. எலும்பு ஒட்டாமலே போனால் என்றைக்காவது கம்பி முறியும், அல்லது திருகு தளரும். பென் எடுக்கும் பிசிறு, எலும்புக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் வாங்கிக் கொடுக்கிறது.

அடுத்த அறையில் நிறம் ஏற்றுகிறார்கள். சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. அமிலத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சினால் மேலே ஆக்சைடு படலம் வளர்கிறது. அதன் தடிமனுக்கு ஏற்ப ஒளி நிறம் காட்டுகிறது. வோல்டேஜை ஏற்ற ஏற்ற நீலம், தங்கம், ரோஜா, பச்சை. எந்த நிறம் எந்த அளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"என்னுது என்ன கலரு கண்ணு?"

எக்ஸ்ரேயில் நிறம் தெரியாது. போனில் இருந்த அம்மாவின் எக்ஸ்ரே படத்தை பென்னிடம் காட்டினேன். விரலால் பெரிதாக்கி ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். "கம்பி நன்றாக உட்கார்ந்திருக்கிறது. நம்முடையதா?" என்றார். தெரியாது என்றேன்.

அவருக்கு அது புரியவே இல்லை. ஒவ்வொரு திருகிலும் லேசரால் லாட் எண் பொறிக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த டைட்டானியக் கம்பி எந்த உருக்கலில் வந்தது என்பதுவரை போகலாம். பாக்கெட்டுக்குள் அதே எண்ணோடு சில ஸ்டிக்கர்கள் இருக்கும்: ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று நோயாளிக்கு.

உங்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்குள் உலோகம் வைத்தால், டிஸ்சார்ஜ் அன்று அந்த ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.