பிராபல்யமும் பரப்பளவும்

பிராபல்யம் என்ற சொல்லைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் ஏறக்குறைய ஒரு வசைச்சொல்லாகவே உபயோகித்து வருகிறோம். பலருக்குப் பிடித்தது மட்டமானதாகத்தான் இருக்கும் என்பது நம் சௌகரியமான சித்தாந்தம். இதற்குள் அடங்க மறுக்கும் ஒரு ஹங்கேரிய விளையாட்டுக்காரியைப் பற்றிச் சில காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் கெர்பிட்ஸ் அனிதா. ஹங்கேரியர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைப்பார்கள். 1983ல் பிறந்தவர். ஆடியது ஹேண்ட்பால். நம் வாலிபால் அல்ல இது. அணிக்கு 7 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 3 அடிக்கு மேல் எடுத்துவைக்கக் கூடாது. நின்றபடி 3 விநாடிக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. நடுவில் நின்று ஆட்டத்தை வகுப்பது கெர்பிட்ஸின் வேலை. கோலும் நிறையப் போட்டார்.

2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் ஸாக்ரெப் நகரில் நடந்தது. 7 கோல் முன்னணியில் இருந்த ஹங்கேரி, கூடுதல் நேரத்தில் பிரான்ஸிடம் 32–29 என்று தோற்றது. கெர்பிட்ஸுக்கு அப்போது வயது 20. 2005ல் சர்வதேச சம்மேளனம் அவரை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் ஜ்யோர் நகரைவிட்டுப் போகவில்லை. ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 1904ல் தோன்றிய கழகம் அந்த ஊருடையது. 1997லிருந்து 2021ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே ஆடினார். ஐரோப்பிய சாம்பியன் பட்டம் 2013ல்தான் முதலில் கிடைத்தது. பிறகு இன்னும் 4 முறை. இதைத் தியாகம் என்று நான் சொல்லவில்லை. கழகத்துக்குப் பெரிய கார் கம்பெனியின் ஆதரவு இருந்தது.

புஷ்காஷைத் தெரிந்த உலகத்தில் பெரும்பகுதிக்கு இவரைத் தெரியாது. ஆகவே இவருடையது சின்னப் பிராபல்யம் என்று சொல்லிவிடலாமா? கோல் கணக்கில் ஏறும். பந்தைத் தருவதற்கு முன் தடுப்பாளியை ஏமாற்றும் அந்தக் கணநேரத் தாமதம் எந்தக் கணக்கிலும் ஏறாது. பாஷை தெரியாமல் ஆட்டப் பதிவுகளைப் பார்க்கும் எனக்கு, இரண்டாம் முறை ஓட்டினால்தான் அது பிடிபடுகிறது. 24 வருஷம் ஒரே கையைப் பார்த்துவந்த ஊர்க்காரர்களுக்கு அது அந்த க்ஷணமே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுடைய கைதட்டலில் ஒரு விமர்சனம் இருக்கிறது. அந்த விமர்சனத்தைக் கற்றுக்கொடுத்ததும் அவர் ஆட்டம்தான்.

பெயர் எவ்வளவு தூரம் பரவியது என்பதை மட்டும் பிராபல்யத்துக்கு அளவாகக் கொண்டால், பத்திரிகை விற்பனைக்காரரும் நாமும் ஒரே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறோம். அவர் அதை நேராகப் பிடிக்கிறார், நாம் தலைகீழாகப் பிடிக்கிறோம். 300 பேர் படிப்பதால் மட்டும் ஒரு கவிதை உயர்ந்துவிடாது. அந்த 300 பேரின் பார்வையை அது கூர்மைப்படுத்தியதா என்பதே கேள்வி. ஜ்யோர் நகரத்தில் அது ஆயிரக்கணக்கானவர்களுக்கு நடந்திருக்கிறது, ஜனரஞ்சகம் ஆகாமலேயே.