உப்பளத்திலிருந்து உவரி வரை

மே 17, காலை

தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காடு தாண்டும்போது ஆறு மணிகூட ஆகவில்லை. உப்பளத்தில் அதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்திகளின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் தொழிலாளர்கள் இருட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள். நீளப் பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். நாட்டில் உப்பு அதிகம் விளையும் மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. தமிழக உப்பில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது. மழை பொய்க்கும் இந்தக் கரையில் வெயிலும் காற்றும்தான் விளைச்சல்.

ஆத்தூரில் மட்டும் கண்ணுக்குப் பச்சை. தாமிரபரணியின் கடைசித் தண்ணீரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும். ஒரு கவுளி வாங்கிக்கொண்டோம்.

காயல்பட்டினத்தில் நண்பரின் வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கறி ஆணமும். "வெக்கப்படாம சாப்பிடுங்க வாப்பா" என்று அவருடைய உம்மா வைத்துக்கொண்டே இருந்தார். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆவியில் அவித்த வட்டிலப்பம் கடைசியில் வந்தது. இந்த ஊர்ச் சமையலைக் கடையில் தேடிப் பயனில்லை, வீடுகளில்தான் இருக்கிறது.

மே 17, மதியம்

திருச்செந்தூரில் கூட்டம். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உடன்குடிப் பக்கம் திரும்பினோம்.

இரும்பு ஏறிச் சிவந்த தேரி மணல். அதில் வேரூன்றி நிற்பது பனை. சாலையோரம் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி நுங்கும் போட்டுக் கொடுத்தார் ஒரு பனையேறி. விடியுமுன் ஏறி இறக்கியது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் இருக்கிறது.

பக்கத்திலேயே அவருடைய விடிலி, பதநீர் காய்ச்சும் குடிசை. அவர் மனைவி ஓலையும் மட்டையும் எரித்துப் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். உச்சி வெயில், உள்ளே அடுப்பனல், கண்ணெல்லாம் புகை. பாகு பதத்துக்கு வரும்வரை துடுப்பை விடாமல் கிண்ட வேண்டும். பதம் தவறினால் அன்றைய உழைப்பு முழுக்க வீண். பிறகு சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்.

"சீனி கலந்து அடிச்சா பாதி வேலைதான் தம்பி. நாங்க அதைச் செய்யறதில்ல" என்றார்.

உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சந்தையில் சீனிக் கருப்பட்டி மலிவாக நிற்கும்போது இவர்கள் சொல்லும் விலை அதிகமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. மரத்துக்கு மரம் ஏறி இறங்கும் அந்தக் கால்களையும் இந்த அடுப்படியையும் பார்த்தபின் பேரம் பேச வாய் வரவில்லை. சுக்குக் கருப்பட்டியும் வாங்கினோம்.

மே 17, மாலை

மணப்பாடு. கடலுக்குள் நீண்ட மணல்மேட்டில் திருச்சிலுவை ஆலயம். கீழே புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. 1542இல் அவர் வந்திறங்கிய முத்துக்குளித்துறைக் கரை இது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் போய்வருகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த சாளை மீனில் தேங்காய் அரைத்த குழம்பு ஒரு கடையில் கிடைத்தது. மீன் பொடிதான், ஆனால் கரையேறிச் சில மணி நேரமே ஆனது. பெரிய மீன் இல்லையே என்று முகம் சுளித்த பக்கத்து மேசைக்காரருக்காக வருந்தினேன். மீன் பெருகத்தானே இந்தத் தடை!

மே 18

உவரியில் கருப்பட்டிக் காப்பி. கடைக்காரரிடம் பனங்கிழங்கு கேட்டோம். "இப்ப ஏது அண்ணாச்சி? தைக்கு வாங்க" என்றார். ஆடி தாண்டினால் பதநீரும் இருக்காதாம். பொங்கலுக்கு இதே சாலையில் வருவதென்று அங்கேயே முடிவு செய்துவிட்டு, கன்னியாகுமரிக்கு வண்டியை எடுத்தோம்.